பாதியில் நின்ற பாட்டு

இனிமையான நினைவுகள் வேண்டுமாம். போன மாதம் ஓர் இளைஞர் தொலைபேசியில் கேட்டார். ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலையில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பித்து ரிசார்ட் ஆக்கியிருக்கிறார்களாம். இவர் அதற்கு மேனேஜர். சனிக்கிழமைதோறும் அங்கே 'அந்தக் கால ஜாஸ்' என்று கச்சேரி வைக்கப் போகிறார்களாம். தொடக்க நாளில் நான் வந்து கொஞ்ச நேரம் பேசி, ஒரு பாட்டும் பாட வேண்டுமாம்.

"நீங்க இந்த பங்களாவுலயே பாடியிருக்கீங்க ரீட்டா மேடம். ஸ்வீட்டா நாலு மெமரி சொன்னா போதும்," என்றார். பேச்சோடு பேச்சாகக் கைப்பேசிக்கு ஒரு புகைப்படமும் அனுப்பினார். வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறார்களாம். துப்பாக்கியோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்கள், நடுவில் நான். பின்னால் தகர டின்களோடு வரிசையாக நிற்கும் மலைக்காரர்கள். கீழே எழுதியிருந்தது: 'வேட்டை விருந்து. நடுவில் லிஸ்பன் பாடகி மிஸ் ரீட்டா. பின்வரிசையில் பணியாட்கள்.'

என் பெயர் ரீட்டா இல்லை. லிஸ்பன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் பெயர் எஸ்தர். அந்த பங்களாவிலிருந்து மலை இறங்கினால் வருகிற முதல் ஊர் ஒடுகத்தூர். அந்த ஊர்க்காரி நான். அப்பா அங்கே கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். அவர் போனபிறகு அம்மா தையல் மிஷினை வைத்து என்னை வளர்த்தார். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் பணியாள் இல்லை. அவர் பெயர் சின்னப்பையன். சாமை விளைத்து, புளி உலுக்கிப் பிழைத்த குடியானவர். அந்தப் படம் காலையில் எடுத்தது. மத்தியானத்துக்குள் அவர் சமையல்கட்டுக்குப் பின்னால் ரத்தத்தில் கிடந்தார். ஸ்வீட்டாக எதைச் சொல்ல?

கேட்டார்களே, சொல்கிறேன்.

நான் பாட வந்த கதையைப் பெரிதாக நீட்ட ஒன்றும் இல்லை. ஒடுகத்தூர் கோயிலில் பாடினேன். டைப்ரைட்டிங் படிக்க மெட்ராசுக்குப் போய்ப் பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கினேன். ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாண விருந்தில், பாட வேண்டிய பெண் வராததால் சித்தி என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார். அங்கே சாக்ஸபோன் வாசித்தவர் கோம்ஸ் மாஸ்டர். கோவாக்காரர், ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் பாடி முடித்ததும் பக்கத்தில் வந்து, "வாய்ஸ் இருக்கு. மூச்சு இல்லே. நாளைக்கு வா," என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த தேர்வு. மெட்ராசில் ஒரு பெரிய ஓட்டலில் இரவுதோறும் வாசிக்கிற பேண்ட் அவருடையது.

அவரிடம் வேலை பார்ப்பது லேசு இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் என் சுருதியை அவரே பியானோவில் தொட்டுப் பார்ப்பார். நான் முனகுவேன். தலையை ஆட்டி அரைக்கட்டை இறக்குவார், மறுபடி முனகச் சொல்வார். காலையில் சரியாக இருந்த சுருதியைச் சாயங்காலம் மறுபடி சோதிப்பார். "காலையிலே நீ வேறே ஆளு," என்பார். மைக் ஒன்றுதான். மெல்லிய பாட்டுக்கு அதிலிருந்து ஒரு கைப்பிடி தூரம், உரக்கப் பாடினால் ஒரு சாண். தூரம் மாறினால் பாட்டுக்கு நடுவிலேயே கண்ணால் சுடுவார். கத்தியதே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, எடுத்த பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கூரையே இடிந்து விழுந்தாலும் அந்தச் சரணத்தை முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும். இரண்டாவது, கோடு. ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சிக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் குனிந்து, மைக்குக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போடுவார். அதை நான் தாண்டக் கூடாது. விருந்தாளி பூங்கொத்து நீட்டினாலும், கைகாட்டிக் கூப்பிட்டாலும், மேசைக்குப் போகக் கூடாது. அவர்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. மற்ற ஓட்டல்களில் கேபரே பாடுகிற பெண் மேசை மேசையாகப் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஓட்டல் மேனேஜர் ராகவன் அதைத்தான் எதிர்பார்த்தார். கோம்ஸ் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் காலால் கோட்டைக் காட்டுவார். ராகவன் பல்லைக் கடித்துக்கொண்டு போவார்.

ராகவனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. நான் தமிழ் பேசக் கூடாது. என்னை 'மிஸ் ரீட்டா, லிஸ்பனிலிருந்து நேராக' என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தவர் அவர்தான். என் நிறத்தைப் பார்த்து யாராவது புருவத்தை உயர்த்தினால், "போர்ச்சுகீஸ் கலப்பு சார்," என்று கூசாமல் சொல்வார். ஓட்டலுக்குள் நுழைந்தால் ஆங்கிலம் மட்டும்தான். அதுவும் கொஞ்சம் கோணலாக. ஒடுகத்தூர் உபதேசியார் மகள் பாட்டைக் கேட்க அந்தக் காலத்தில் ஒருவரும் சீட்டு வாங்கமாட்டார்கள். அதே தொண்டை, அதே பாட்டு, பெயர் மட்டும் ரீட்டா என்றால் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அதனால் எனக்கு ஒரு தண்டனை கிடைத்தது. முன்வரிசை மேசைகளில் உட்கார்ந்து பெரிய மனிதர்கள் என்னைப் பற்றித் தமிழில் பேசியதை எல்லாம் நான் கேட்டேன். எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் பேசினார்கள். கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்தவர் பேசினார். மேடையில் தாய்க்குலம் என்று முழங்கிய தலைவர் பேசினார். அவற்றை இங்கே எழுதினால் இந்தத் தாள் நாறும். நான் சிரித்த முகத்தோடு பாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சித்தியின் பாத்திரங்களைத் தேய் தேய் என்று தேய்ப்பேன். அம்மாவுக்கு நான் ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்ட்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மலை விருந்து வந்தது. பங்களா ஒரு மரக் கான்ட்ராக்டருடையது. நகரத்தில் சினிமா கொட்டகைகள் வைத்திருந்த ஒரு முதலாளிக்காக அவர் வேட்டை ஏற்பாடு செய்திருந்தார். கொட்டகைக்காரர் எங்கள் ஓட்டலின் முக்கிய வாடிக்கையாளர். பாட்டில்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று ராகவன் எங்கள் பேண்டையே வேனில் ஏற்றி, தானும் கூட வந்தார். எந்த மலை என்று எனக்குச் சொல்லவில்லை. ஒடுகத்தூர் கடைத்தெருவுக்குள் வேன் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருமுனை வந்தபோது நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அந்தப் படத்தை எடுத்தார்கள். பிறகு வேட்டைக்குப் போனார்கள். மலைக்காரர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டைக் கலைத்து வருவார்கள். பன்றியோ மானோ மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே கனவான்கள் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். இதற்கு வேட்டை என்று பெயர்.

மத்தியானம் பங்களாப் புல்வெளியில் மேசை போட்டிருந்தார்கள். மதுவிலக்கு இருந்த காலம் அது. மருந்துப் பெட்டி என்று எழுதிய மரப்பெட்டியில் பாட்டில்கள் மலை ஏறியிருந்தன. தேநீர்க் கோப்பையில் ஊற்றித்தான் குடித்தார்கள். கோம்ஸ் மாஸ்டர் புல்லில் சாக்பீஸ் பிடிக்காது என்று சமையல்காரரிடம் ஒரு பிடி கோதுமை மாவு வாங்கிவந்து என் முன்னால் கோடு போட்டார். மலை உச்சியிலும் விடவில்லை மனிதர்.

வேட்டைக்குப் போனவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்பினார்கள். சிரிப்பு இல்லை. அவர்களுக்குப் பின்னால் நான்கு மலைக்காரர்கள் ஒருவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கிவந்து சமையல்கட்டுக்குப் பின்புறம் கொண்டுபோனார்கள். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். நான் ராகவனிடம் ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டேன். "நத்திங். கீழே விழுந்துட்டான். மியூசிக் ஸ்டார்ட் பண்ணு," என்றார்.

பாடினேன். ரயில் நிலையத்தில் மழையில் ஒருத்தி யாருக்காகவோ காத்திருப்பதாக ஓர் ஆங்கிலப் பாட்டு. கொட்டகைக்காரருக்குப் பிடித்தது. மெல்லிய பாட்டு என்பதால் பக்கத்தில் பேசுவது நன்றாகக் கேட்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கொட்டகைக்காரரும் அவரோடு வந்த வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"புதர் அசைஞ்சுது. பன்னின்னு நெனச்சுட்டேன்," என்றார் கொட்டகைக்காரர்.

"நீங்க சுடவே இல்ல," என்றார் வக்கீல். "அவன்கிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துது. லைசென்ஸ் கெடையாது. கால் தடுக்கி வுழுந்தான், அதுவா வெடிச்சுது. துப்பாக்கிக்குக் கான்ட்ராக்டர் ஏற்பாடு பண்ணிடுவாரு."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமே."

"இப்ப வேலூருக்கு அனுப்பினா போலீஸ் மேல வந்துடும். இந்தப் பாட்டிலுக்கும் சேத்து பதில் சொல்லணும். பொழுது சாயட்டும். தொடையில பட்டிருக்கு, ரத்தம் நிக்கல. அதுவரைக்கும் தாங்கமாட்டான். அப்புறம் பேச யாரு இருக்கா?"

கொட்டகைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ?"

"இவளுக்கு இன்னா தெரியும். பாட்டுப் பொட்டி," என்றார் வக்கீல்.

நான் நிறுத்தினேன். சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் நடுவில். பேண்ட் எனக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, தடுமாறி நின்றது. நான் கோட்டைத் தாண்டி அவர்கள் மேசைக்குப் போனேன்.

"நீங்க பேசினது மொத்தமும் எனக்குப் புரிஞ்சுது," என்றேன். இத்தனை காலம் அடக்கிவைத்த ஒடுகத்தூர்த் தமிழ் அப்படியே வந்தது. "அந்த ஆளை சாகவுட்டுட்டு அவரு மேலயே பழியும் போடப் பாக்கறீங்களா? வண்டிய எடுங்க. இப்பவே வேலூருக்குக் கொண்டு போவணும்."

கொட்டகைக்காரர் அப்போது சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்து நின்று, முகம் சிவந்து, ராகவனைப் பார்த்துக் கேட்டார்: "இவளுக்குத் தமிழ் தெரியுமா? லிஸ்பன்னு சொன்னியேடா. என்னை ஏமாத்தியிருக்கே."

பத்தடி தள்ளி ஒருவர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இவருக்கு, காசு கொடுத்துக் கேட்டது உள்ளூர்ப் பாட்டு என்ற ஆத்திரம்.

ராகவன் என் கையைப் பிடித்து முறுக்கினார். "உள்ள போ. உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்காதே." நான் உதறினேன். யாருடைய காரும் கிளம்பவில்லை. டிரைவர்கள் முதலாளிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோம்ஸ் மாஸ்டருக்கு நாங்கள் பேசியதில் பாதி புரிந்திருக்காது. என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "அந்த ஆள் செத்துப் போவானா?" ஆமாம் என்றேன். சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடினார். டிரம்ஸ்காரரைப் பார்த்து, "வேன்லே இருக்கிறது எல்லாம் இறக்கு," என்றார். டிரம்ஸ் பெட்டிகள், கூடுகள், எங்கள் உடைப் பெட்டி எல்லாம் புல்வெளியில் வந்து விழுந்தன. பெரிய பேஸ் வயலின் மட்டும் மேசைகளுக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

சின்னப்பையனை வேனுக்குள் படுக்கவைத்தோம். மேடையில் போர்த்தும் சால்வையால் தொடையை இறுக்கிக் கட்டினேன். அவர் மனைவி காளியம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் கையில் அந்தத் தகர டின் இருந்தது. அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேன் நகர்ந்ததும் சின்னப்பையன் கண்ணைத் திறந்தார்.

"என்கிட்ட துப்பாக்கி எதுவும் இல்லம்மா. தகரந்தான் தட்டிக்கினு வந்தேன். அவங்க துப்பாக்கின்னு பேசிக்கினாங்க. சாமி சத்தியமா இல்ல."

"தெரியும். பேசாதீங்க."

"வூட்டுல சாமை அறுக்காம கெடக்குது," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வளைவு வளைவாக இறங்கி ஒடுகத்தூர் வந்தது. இந்த முறை நான் குனியவில்லை. குனிய முடியாது, அவர் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சந்தை நாள் வேறு. ஜிகினா கவுனும் உதட்டுச் சாயமும் கை நிறைய ரத்தமுமாக உபதேசியார் மகள் போவதை ஊரே பார்த்தது.

வேலூர் அரசு ஆஸ்பத்திரியில் அவரை உடனே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் தகர டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வெளிப்பக்கத்தில் ரவை துளைத்த ஓட்டைகள். "இடுப்புல புடிச்சிருந்த டின்னை எதிர்ல இருந்து துளைச்சிருக்கு. தன் துப்பாக்கி வெடிச்சா இப்படி இருக்காதே," என்று நர்ஸ் முன்னாலேயே சொன்னார். அதையும் எழுதிவைத்தார்.

பிறகு காவல் நிலையம். எது என்று சொல்லப்போவதில்லை. இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டார், எஸ்தர் என்றேன். தொழில் கேட்டார், பாடகி என்றேன். என் கவுனைக் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, 'கேபரே நடன மாது' என்று எழுதினார். நான் நடனம் ஆடுவதில்லை, அடித்து எழுதுங்கள் என்றேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார். நான் கேட்ட வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னேன். "பாடிக்கினே எப்படிம்மா கேட்ட? ரெண்டு வேலையும் எப்படி ஒரே நேரத்துல செய்வே?" என்று சிரித்தார். பாடுகிறவள் முதலில் கேட்கிறவள் என்பது அந்த மனிதருக்கு எப்படிப் புரியும்? தகர டின்னை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். அடுத்த முறை நான் போனபோது அப்படி ஒரு பொருளே வரவில்லை என்றார்கள்.

முடிவு இதுதான். டாக்டர் எழுதிவைத்ததால் சின்னப்பையன் மேல் கள்ளத் துப்பாக்கி வழக்குப் போட முடியவில்லை. அவர் பிழைத்தார், ஜெயிலுக்குப் போகவில்லை. கால் மட்டும் மடங்காமல் போயிற்று. சுட்டவர் பெயர் எங்கேயும் வரவில்லை. யாரோ சுட்டது, விபத்து, முடிந்தது. மருந்துப் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் தீர்ப்பு வந்தது. போலி லிஸ்பன்காரி, விருந்தாளிகளை ஏமாற்றிவிட்டாள் என்று ராகவன் நகரத்தின் எல்லா ஓட்டல்களிலும் சொல்லிவைத்தார். அந்தப் பொய்க்கு அப்பனே அவர்தான். ஒரு கதவும் திறக்கவில்லை. கோம்ஸ் மாஸ்டர் வேறு பாடகியைச் சேர்த்துக்கொண்டார். ஐந்து வாத்தியக்காரர்களின் குடும்பம் அவரை நம்பி இருந்தது. புரிகிறது. ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வேனைக் கொடுத்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு ரயில்வேக்காரர்களின் நடன விழாக்கள், கல்யாணங்கள், சினிமாவில் கேபரே காட்சிக்குப் பெயர் போடாத குரல். அப்படித்தான் பாடி ஓய்ந்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடுகத்தூர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நான் வீட்டுக்குப் போய் நின்றபோது அம்மா மிஷினை நிறுத்தவில்லை. டைப்பிஸ்ட் வேலை எங்கே போனது என்று கேட்கவில்லை. "அந்த ஆளு பொழைச்சாரா?" என்றார். பொழைச்சார் என்றேன். "கை கால் கழுவிக்கினு வந்து சாப்புடு," என்றார்.

சில வருடம் கழித்து ஒடுகத்தூர்ச் சந்தையில் சின்னப்பையனைப் பார்த்தேன். புளி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"சமையக்கட்டு பின்னால கெடந்தப்ப உங்க பாட்டு கேட்டுக்கினே இருந்துது," என்றார். "ஒண்ணும் புரியல. ஆனா பாட்டு கேக்குற வரைக்கும் உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சுது. திடீர்னு நின்னுபோச்சு. சரி, செத்துட்டேன்னு நெனச்சுக்கினேன்."

அன்றைக்கு அந்தப் புளி மூட்டைக்கு முன்னால் நின்று நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. பாட்டு எதற்காக நின்றது என்பது அந்த மேசையில் இருந்த ஒருவருக்கும் பொருட்டாகவே இல்லை என்கிற ஆத்திரத்தில் அழுதேன்.

ரிசார்ட் மேனேஜரிடம் இவ்வளவும் சொன்னேன். "சாரி மேடம்," என்றார். பிறகு, "அந்த ரயில்வே ஸ்டேஷன் பாட்டுதான் மேடம் எங்க ஓனர் கேட்டாரு. அவங்க தாத்தாவுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டாம். தாத்தா சினிமா தியேட்டர்லாம் வெச்சிருந்தவரு. மலைமேல ஆசைப்பட்டு இந்த பங்களாவ அப்பவே வாங்கினாராம். முழுசா பாடித் தருவீங்களா?" என்றார்.

"அந்தப் பாட்டுக்கு மீதி கெடையாது தம்பி. எங்க நிறுத்தினேனோ அங்கதான் முடியும். அதுக்கப்புறம் நான் பேசுவேன். தமிழ்ல. படத்துக்குக் கீழ சின்னப்பையன் பேரை எழுதி வைங்க, வர்றேன்," என்றேன்.

ஓனரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் நான் போவேன். ஒடுகத்தூர் வரைக்கும் பஸ் இருக்கிறது. அதற்கு மேலே வழி எனக்குத் தெரியும்.